மாட்டுப் படம்

"ஏம்மா நர்ஸு, படம் அந்தப் பக்கம் ஓடுது!"

பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்த அம்மாள் என் தாடையைப் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பிவிட்டார். அவர் அடுத்த கைப்பிடிப் பொரிக்குக் குனிந்ததும் நான் மறுபடி பின்னால் திரும்பிக்கொண்டேன்.

ஓசூர் எல்லையில் இருந்த டூரிங் டாக்கீஸ் அது. கொட்டகை நிறைய ஜனம். அத்தனை பேரும் முன்னால் பார்க்க, நான் ஒருத்தி மட்டும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் பக்கத்துப் பெஞ்சில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்த திம்மராயப்பாவின் முகத்தை.

கலர் படம். எங்கள் கொட்டகைக்குக் கலர் படம் வருவதே அபூர்வம். திரையில் உச்செள்ளு பூத்தால் அவர் முகம் மஞ்சளாகும். மலையில் பனி இறங்கினால் நீலமாகும். கதாநாயகி செம்மண் பாதையில் ஓடி வந்தால் மீசை வரைக்கும் சிவக்கும். (உச்செள்ளு தெரியாதவர்களுக்கு: எங்கள் மானாவாரி நிலத்தில் எண்ணெய்க்காக விதைக்கிற செடி. மழைக்காலம் ஓயும்போது பூத்தால் மேடு பள்ளமெல்லாம் மஞ்சளாக இருக்கும்.) அந்தப் படம் எவ்வளவு அழகு என்று நான் தெரிந்துகொண்டதே அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

ஆனால் நிறம்தான் மாறியது. முகம் மாறவில்லை.

அந்த முகம் இளகினால் எனக்குக் கல்யாணம். இளகாவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் சந்திருவுக்கும் ஆனேக்கல் பெண் ஒருத்திக்கும் வெற்றிலை பாக்கு மாற்றிவிடுவார்கள். அதற்காகத்தான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஃபிளாஸ்கில் இருந்தது காப்பி அல்ல

போன வாரம் இந்தத் தொடரில், நான் நர்ஸ் பயிற்சி முடித்துத் தளி ரோட்டில் எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே வேலைக்குச் சேர்ந்ததைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். "அப்புறம் கல்யாணம் எப்போது?" என்று வாசகிகள் கேட்டு எழுதிவிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு வேலை கிடைத்தால் அடுத்த கேள்வி இதுதான் என்பதில் நம் ஜனங்கள் இன்றைக்கும் மாறவில்லை. சரி, சொல்கிறேன்.

சந்திரு பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். (கல்யாணமாகாத பையனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. 'அவன்' என்றே எழுதுகிறேன்.) இப்போது ஓசூரில் திரும்பின பக்கமெல்லாம் கம்பெனி. அப்போது அதெல்லாம் கிடையாது. சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வருகிற வேலை வேண்டுமானால் எல்லை தாண்டத்தான் வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து காலி சாப்பாட்டுத் தூக்கோடு அவன் திரும்பும் பஸ்ஸில்தான், நானும் அவ்வப்போது ஓசூரில் அம்மை குத்துகிற மருந்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவேன்.

ஒரு நாள் என் மடியில் இருந்த ஃபிளாஸ்கைப் பார்த்து, "காப்பிங்களா?" என்றான்.

"அம்மை குத்துற மருந்து. குத்தட்டுமா?" என்றேன்.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தோளை நீட்டினான். பஸ்ஸே சிரித்தது. எங்கள் காதல் இப்படித்தான் ஆரம்பித்தது. அழகான வசனம் எதிர்பார்த்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் நிலபுலன் உள்ள வீடு. வீட்டுக்குள் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களோடு தமிழ். நாங்கள் வேதக்காரர்கள். என் அப்பா சவரியப்பன் மாடுகளுக்கு லாடம் அடிப்பவர். ஞானஸ்நானம் வாங்கித் தலைமுறைகள் ஆகியும், எந்தத் தெருவிலிருந்து மாதா கோயிலுக்குப் போனவர்கள் நாங்கள் என்பதை ஊர் மறக்கவில்லை. இரண்டு சாதிகளின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே "ஓ, அந்த ஊடா!" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன், போதும். சந்திருவின் அக்காவுக்குத் தலைப்பிரசவம். குழந்தை கால் பக்கமாக வந்துகொண்டிருந்தது. என்னைக் கூட்டிப் போனார்கள். நடு வீடு, உள் அறை, எல்லாம் தாண்டித்தான் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பேரனைத் துடைத்துத் திம்மராயப்பாவின் கையில் கொடுத்தவள் நான்தான்.

அப்புறம் காப்பி கொடுத்தார்கள். வீட்டுக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லின் மேல், ஒரு கண்ணாடித் தம்ளரில். குடித்துவிட்டு நானே கழுவிக் கவிழ்த்துவைத்தேன். குழந்தையைத் தொட்ட கை காப்பித் தம்ளரைத் தொட்டால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. திம்மராயப்பா வாசலில் நின்று இதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவசரமாக மாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. காப்பி நன்றாக இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

மணலும் மூன்று சிரிப்பும்

படத்துக்கு வருகிறேன்.

பெங்களூர்ப் பக்கம் எடுத்த கன்னடப் படம். பண்ணையார் மகளுக்கும், அந்தப் பண்ணையில் அப்பனோடு சேர்ந்து காளைகளைப் பார்த்துக்கொள்கிற வேற்றுச் சாதிப் பையனுக்கும் காதல். விஷயம் தெரிந்து பண்ணையார் பையனை அடித்துத் துரத்துகிறார். மகளை வேறு ஊரில் கொடுக்க வண்டி கட்டுகிறார். அவள் பாதி வழியில் வண்டியிலிருந்து குதித்து, பூத்த வயல் வழியாக ஓடி அவனிடம் போய்ச் சேர்கிறாள். இரண்டு பேரும் மலைப் பனிக்குள் நடந்து போகிறார்கள். படம் முடிகிறது.

சந்திரு இதைப் பெங்களூரில் பார்த்துவிட்டு அழுதிருக்கிறான். படம் ஓசூருக்கு வந்ததும் அவன் தலைக்குள் ஒரு திட்டம் முளைத்துவிட்டது.

"அப்பாகிட்ட நேராப் போயிச் சொன்னா வெட்டிப் போடுவாரு. இந்தப் படத்தைக் காட்டிட்டா மனசு எளகிப்பூடும். அதுக்கப்புறம் சொல்லலாம்."

"உங்கப்பா படம் பாப்பாரா?"

"மாட்டார்தான். ஆனா படத்துல ஜோடிக் காளை வருது பிலோமினா. அசல் ஹள்ளிகார்! அதைச் சொல்லிக் கூட்டியாரேன்."

ஹள்ளிகார் என்பது எங்கள் எல்லைப் பக்கத்துக் காளை. சாம்பல் நிறம், பின்னோக்கி வளைந்த நீளக் கொம்பு, முறுக்கின உடம்பு. திம்மராயப்பாவிடமும் ஒரு ஜோடி உண்டு. நுகத்தில் வலப்பக்கம் நடக்கிற வலத்து மாடு ராமன், இடப்பக்கம் நடக்கிற இடத்து மாடு லட்சுமணன். தினமும் விடிந்ததும் முதலில் அவற்றின் முகத்தில் விழித்துவிட்டுத்தான் மனைவி முகத்தையே பார்ப்பார். அவற்றை நுகத்தில் பூட்டும் வேலையைப் பெற்ற மகனிடம்கூட விட்டதில்லை.

"ஹள்ளிகாரா?" என்று கேட்டாராம். அன்று சாயங்காலமே வண்டி கட்டிவிட்டார்.

அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என் மனசு ஆறாது. தரையெல்லாம் மணல். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால், மணலைக் கூட்டி மேடு கட்டி அதன் மேல் உட்காருவோம். அவருக்கு முன்னால் இருப்பவரும் அதையே செய்திருப்பார். இடைவேளைக்குள் எல்லோரும் ஒரு அடி உயர்ந்து, பழையபடி எல்லோருக்கும் எல்லோரும் மறைப்பார்கள். சில போக்கிரிகள் நல்ல இடம் பிடிக்க, "சானமாவுக் காட்டு யானை வந்துக்கினு இருக்குது!" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். நாலு பேர் எழுந்து ஓடுவார்கள். ஒரு தடவை நிஜமாகவே வந்தது என்றும், அப்போது ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை என்றும் சொல்வார்கள்.

கன்னடப் படத்துக்கு அங்கே சிரிப்பு மூன்று தவணையாக வரும். கன்னடம் தெரிந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். அவர்கள் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெலுங்கில் சொன்னதும் இரண்டாவது சிரிப்பு. வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு விளங்கி அவர்கள் சிரிக்கும்போது, திரையில் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள்.

மணலில் சாதி கிடையாது. அவரவர் காசுக்குத் தகுந்த தரை, பெஞ்சு, நாற்காலி, அவ்வளவே. ஊருக்குள் ஒரே கிணற்றில் நீர் எடுக்காதவர்கள் இங்கே தோளோடு தோள் உரசிக்கொண்டு ஒரே பொட்டலத்தில் கடலை தின்றார்கள். விளக்குப் போட்டதும் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு பழையபடி தனித்தனியாகப் போனார்கள்.

"பாவம்டா அது"

படம் முடிகிற கட்டத்தில் திம்மராயப்பாவின் கன்னத்தில் தண்ணீர் மின்னியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். சந்தேகமே இல்லை. மனிதர் அழுகிறார்.

அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கிற குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் சந்திருவும் பார்த்துவிட்டான். என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

வெளியே வந்ததும் சோடாக் கடை ஓரத்தில் மெதுவாகக் கேட்டிருக்கிறான்.

"எப்பிடிப்பா இருந்துச்சு?"

"பாவம்டா அது."

"ஆமாம்பா. அந்தப் பொண்ணு எவ்ளோ கஷ்டப்பட்டுட்டா, இல்ல?"

"எந்தப் பொண்ணு? நான் அந்த இடத்து மாட்டச் சொல்றன்."

மறுநாள் சுகாதார நிலையத்துக்கு வந்து சந்திரு இதைச் சொன்னபோது, ஒரு குழந்தைக்கு மருந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதி என் புடவையில் கொட்டியது. மாட்டைச் சொல்லிக் கூட்டிப் போனோம், அவரும் மாட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

நடந்தது இதுதான். கதாநாயகியை வேறு ஊருக்குக் கூட்டிப் போகிற காட்சியில் வண்டியில் மாடுகளை மாற்றிப் பூட்டியிருந்தார்களாம். வலத்து மாடு இடப்பக்கம், இடத்து மாடு வலப்பக்கம். ஒன்றின் கொம்பு நுனி லேசாகச் சாய்ந்திருக்கும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு பக்கம் பழகின மாட்டை மறுபக்கம் பூட்டினால் அது உடம்பைச் சாய்த்துக்கொண்டு நடக்கும், கழுத்து புண்ணாகும், வண்டி கோணும். கதாநாயகி பூ வயலில் ஓடி, கொட்டகையே விம்மிக்கொண்டிருந்தபோது, திம்மராயப்பா அந்த மாட்டுக் கழுத்துக்காக அழுதிருக்கிறார்.

காதலர்கள் பனிக்குள் போனார்களே, அவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. "வண்டியை நடு ரோட்ல உட்டுட்டாங்களே, மாட்ட யாரு அவுத்தாங்க?" என்றுதான் கேட்டாராம்.

அதோடு விட்டாரா? மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். சொன்னால் நம்பமாட்டீர்கள், இன்றைக்காவது சரியாகப் பூட்டியிருக்கிறார்களா என்று பார்க்கத்தான் போனார். பூட்டவில்லை என்றதும் டாக்கீஸ் மேனேஜரிடம் போய், "சொல்லி அனுப்பினேனே, இன்னும் மாத்தலியா?" என்று சண்டை. அப்புறம் ஊரிலிருந்த விவசாயிகளை வண்டி வண்டியாகக் கூட்டிப்போய்ச் சாட்சிக்கு உட்காரவைத்தார். ஜவளகிரி வரைக்கும் சேதி போய், அங்கிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஊரில் யாரும் அந்தப் படத்தை அதன் பெயரால் சொல்வதில்லை. மாட்டுப் படம் என்றார்கள். காதல் படம் என்று சொன்னது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

நானும் தினமும் போனேன். தினமும் பின்னால் திரும்பி உட்கார்ந்தேன். பொரி அம்மாள் எனக்குக் கழுத்துச் சுளுக்கு என்று முடிவு செய்து, நல்லெண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னார்.

லாடக் களத்தில் வழக்கு

எங்கள் வீடு, ஊர்ப் பாதை தளி ரோட்டில் வந்து சேரும் முனையில் இருந்தது. வீட்டை ஒட்டியே அப்பாவின் லாடக் களம். மாட்டைக் கயிறு போட்டுப் படுக்கவைத்து, கால்களைக் கட்டி, குளம்பில் லாடம் வைத்து ஆணி அடிப்பார். மாட்டுக்காரர் தலைமாட்டில் உட்கார்ந்து கொம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாடு படுத்திருக்கிற நேரமெல்லாம் ஊர் நியாயம் பேசுவார்கள்.

அப்பா மாட்டுச் சந்தையில் தரகும் பார்ப்பார். சந்தையில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை, தெரியுமல்லவா? கையின் மேல் துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அழுத்தித்தான் பேரம். அங்கே யார் கையை யார் பிடிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. துண்டை எடுத்துவிட்டால் அப்பா பழையபடி நாலு அடி தள்ளி நிற்பார்.

வெள்ளிக்கிழமை திம்மராயப்பா ராமனை லாடத்துக்குக் கொண்டுவந்தார். படத்துக்குச் சாட்சி சொல்லப் போனவர்களும் கூடிவிட்டார்கள். நான் சன்னலுக்கு உள்பக்கம் அரிசி பொறுக்குவது போல் உட்கார்ந்துகொண்டேன். அரிசியில் கல்லே இல்லை.

"படம் எடுத்தவனுக்கு மாடு தெரியலைங்க, அவ்ளோதான்," என்றார் ஒருவர்.

"அப்பிடியில்ல," என்றார் திம்மராயப்பா. ராமனின் நெற்றியில் கை வைத்திருந்தார். "முதல்ல எல்லாம் சரியாத்தான் கட்டியிருக்குது. அந்தப் பையன் இருக்கிற வரைக்கும் சரியா இருக்குது. அவனை அடிச்சுத் தொரத்தினதுக்கு அப்புறந்தான் மாறிப் போச்சு. மாடு அறிஞ்சவனைத் தொரத்திட்டு எவனையோ கூட்டியாந்து கட்டச் சொன்னா இப்பிடித்தான். அந்த ஊடு கெட்டதே அதனாலதான்!"

எனக்குத் தெரிந்தவரை அது படம் எடுத்தவர்களின் சாதாரண அசட்டுத் தவறு. அதற்குள் இவ்வளவு பெரிய நீதி இருக்கும் என்று அவர்களே நினைத்திருக்கமாட்டார்கள்.

அப்பா அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. உதட்டுக்கு நடுவே ஆணிகளைக் கடித்துக்கொண்டிருந்தவர், ஒன்றை எடுத்து அடித்துவிட்டுக் கேட்டார்.

"அவ்ளோ நல்ல பையனை இன்னாத்துக்குங்க தொரத்தினாரு?"

"அது... அவரு பொண்ணை இவன் இஷ்டப்பட்டான்."

"அவ்ளோதானுங்களா?"

"அவ்ளோதான்."

அப்பா இன்னொரு ஆணி அடித்தார். "நீங்களா இருந்தா தொரத்தியிருப்பீங்களா?"

"நானா? நான் இன்னாத்துக்குத் தொரத்துறேன்! மாட்டைக் கண்ணாப் பாத்துக்கிற புள்ள. அவன் எந்தச் சாதியா இருந்தா இன்னா?"

அப்பா ஓங்கின சுத்தியலை இறக்கிவைத்தார். ராமன்கூட மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன். தான் சொன்னது திம்மராயப்பாவின் காதிலேயே மெதுவாகத்தான் விழுந்தது போலிருக்கிறது. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"படத்துக்குச் சொல்றன்டா," என்றார்.

எங்கள் விஷயம் அப்பாவுக்கு அப்போதே தெரியுமா? பிற்காலத்தில் நான் பல விதமாகக் கேட்டுப் பார்த்தேன். "ஆணி அடிக்கும்போது ஏதோ பேசுவன். அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்பார். அவருக்கு எந்த மாட்டுக்கு எந்தக் காலில் எப்போது லாடம் கழன்றது என்பதெல்லாம் ஞாபகம் இருக்கும்.

ஆனேக்கலுக்குக் கிளம்பிய வண்டி

சனிக்கிழமை சாயங்காலம் சந்திரு கேட்டுவிட்டான். "அப்பா, படத்துக்குச் சொன்னீங்களே, அது நம்ம ஊட்டுக்கும் ஆவுமா?" என்று ஆரம்பித்து, என் பெயரைச் சொல்லி முடித்துவிட்டான்.

திம்மராயப்பா கத்தவில்லை. கையையும் ஓங்கவில்லை. தட்டில் இருந்த களியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "பொழுது வெளுத்ததும் ஆனேக்கல் போறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போய் மாடுகளோடு உட்கார்ந்துவிட்டார்.

சந்திரு சைக்கிளில் வந்து எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "முடிஞ்சிபோச்சு பிலோமினா" என்றான். நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். விளையாட்டாகவே எழுதிக்கொண்டு வருகிறேன், ஆனால் அந்த மாலையை விளையாட்டாக எழுத எனக்கு இன்றும் வரவில்லை. பெங்களூருக்கு ஓடிவிடலாமா என்று அவன் கேட்டான். உன் அக்கா பிள்ளைக்கு அடுத்த ஊசி யார் போடுவார்கள் என்று நான் கேட்டேன். என்ன பதில் அது! ஆனால் அப்போது எனக்கு அதுதான் தோன்றியது.

ஞாயிறு காலை. தலைவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகவில்லை. சலங்கைச் சத்தம் கேட்டதும் சன்னலுக்குப் போனேன். திம்மராயப்பாவின் வில்வண்டி வந்துகொண்டிருந்தது. அவரே ஓட்டினார். பின்னால் அவர் மனைவி மடியில் பெரிய தாம்பூலத் தட்டு. அதில் தேங்காய், பழம், பூ. சந்திரு வண்டியின் கடைசியில், வெட்டக் கொண்டுபோகிற ஆடு மாதிரி உட்கார்ந்திருந்தான்.

ஆனால் வண்டி நேராக வரவில்லை. பாதையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வந்தது. மாடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நடந்தன. ரோட்டு முனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். எல்லோரும் படம் பார்த்தவர்கள். ஒருவர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அண்ணா! உங்க மாடு மாறிக் கெடக்குது!"

திம்மராயப்பா வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தார். வலப்பக்கம் லட்சுமணன். இடப்பக்கம் ராமன். நுகத்தில் கை வைக்க வேறு யாரையும் விடாத மனிதர், ஒரு வாரமாக அதே தவறுக்காக டாக்கீஸ்காரரைப் படுத்தியெடுத்த மனிதர், தன் கையாலேயே மாற்றிப் பூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஒருவர் சிரித்தது பத்துப் பேருக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். அவர் இறங்கி, ராமனின் திமிலில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்பா களத்திலிருந்து எழுந்து வந்து, வழக்கம்போல் நாலு அடி தள்ளி நின்றார்.

"சவரி, என் கையாலதான்டா கட்டினேன்."

"தெரியுதுங்க."

"இத்தினி நாள்ல ஒரு தடவைகூட மாறினதில்ல."

"எனக்குத் தெரியாதுங்களா?"

திம்மராயப்பா மகனைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். அப்புறம் தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகம் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் தன் வலது கையின் மேல் போட்டு மூடி, அப்பாவின் பக்கம் நீட்டினார்.

சந்தையும் இல்லை, விற்கிற மாடும் இல்லை. அப்பா ஒரு கணம் விழித்தார். பிறகு கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, முன்னால் வந்து, துண்டுக்கு அடியில் நுழைத்தார்.

"ஏன்ரீ, இது என்ன?" என்று வண்டியிலிருந்து அவர் மனைவி கன்னடமும் தமிழுமாகக் கேட்டார். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை.

துண்டுக்குள் என்ன பேரம் நடந்தது என்று அப்பாவிடம் அப்புறம் கேட்டேன். "ஒரு விரலும் பேசலம்மா. மொத்தக் கையையும் புடிச்சிக்கினாரு. நானும் புடிச்சிக்கினேன்," என்றார்.

துண்டை எடுத்தார்கள். அப்பா நாலு அடி பின்னால் போக மறந்துவிட்டார்.

என் அம்மாவுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, காப்பி போட்டுவிட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் துணிச்சல் இல்லை. என் கையில் திணித்துத் தள்ளிவிட்டாள். எங்கள் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. களத்து ஓரத்துக் கல்லின் மேல் தம்ளரை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். சத்தியமாக வேறு எதையும் நினைத்து அப்படிச் செய்யவில்லை.

அவர் தம்ளரைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார், "எனக்கும் வெளியிலதானா?"

அந்தக் கண்ணாடித் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்த நாளிலிருந்து, இவர் முகத்துக்கு நேரே கேட்கவென்று எத்தனையோ கேள்விகளைச் சேர்த்துவைத்திருந்தேன். "உள்ள வாங்க," என்று தம்ளரை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். அவர் பின்னாலேயே வந்து, எங்கள் தாழ்ந்த வாசலில் தலைப்பாகையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

வெளியே சந்திரு குதித்திறங்கி மாடுகளை அவிழ்த்துச் சரியாகப் பூட்டிக்கொண்டிருந்தான். முதல் தடவையாக அவன் கையில் நுகம். அவன் அம்மா வண்டியை விட்டு இறங்க நெடுநேரம் ஆயிற்று. பாதிக் காப்பி முடிந்த பிறகுதான் வந்தார். படியேறாமல் வாசலிலேயே நின்று, தட்டை மட்டும் என் அம்மாவின் கையில் கொடுத்தார். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தது வேறொரு நாள், வேறொரு கதை.

திம்மராயப்பா எங்கள் மர முக்காலியில் உட்கார்ந்து காப்பியை ஊதி ஊதிக் குடித்தார். குடித்துவிட்டுத் தம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொண்டேன். அவருக்கு ஏதோ நினைவுக்கு வந்தது.

"ஏம்மா, நீயுந்தான் தினம் வந்தியே. அந்தப் பையனும் பொண்ணும் பனிக்குள்ள போனாங்களே, அப்புறம் அவுங்க இன்னா ஆனாங்க? நான் மாட்டையே பாத்துக்கினு இருந்துட்டேன்."

"எனக்கும் தெரியலைங்க," என்றேன். "நான் உங்க மூஞ்சியையே பாத்துக்கினு இருந்துட்டேன்."